பெல் என் கையில்

ஐந்துக்கு ஐந்து என்று மெஷின் கம்பெனி இன்ஜினியர் ஷில்பா அறிக்கையை வாசித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தபால் ஆபீஸ் வாசலில் புதிதாக வைத்த தானியங்கி மெஷினை எங்கள் மாற்றுத் திறனாளிகள் சங்கத்தில் ஐந்து பேர் சோதித்தார்களாம். ஐந்து பேரும் யார் உதவியும் இல்லாமல் ஸ்பீட் போஸ்ட் அனுப்பிவிட்டார்களாம். கோலார் தங்கவயலில் யார் உதவியும் இல்லாமல் ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டாலே அது செய்தி.

நடந்தது என்னவென்று விசாரித்தேன். சக்கர நாற்காலியில் வரும் நாகேஷுக்கு எட்டாத இடத்தை, வரிசையில் பின்னால் நின்றவர் எட்டி அமுக்கியிருக்கிறார். என்னைப் போலவே பார்வை இல்லாத டீனாவுக்கு எங்கள் பக்கத்து வீட்டு ரத்தினம்மா திரையை வாசித்து, பின்கோடைப் போட்டு, கடைசியில் கவரையும் தானே பெட்டிக்குள் தள்ளியிருக்கிறார். டீனா செய்தது தன் பெயரைச் சொன்னது மட்டும். மற்ற மூவர் கதையும் இதே கதைதான். யாரையும் குறை சொல்ல முடியாது. தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டுக்குள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிழைத்த ஜனங்கள். ஒருவர் தடுமாறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க இங்கே யாருக்கும் வராது. மெஷினுக்கு இதெல்லாம் தெரியுமா? தபால் போனதா என்று மட்டும் பார்த்துக்கொண்டது.

சங்கச் செயலாளர் நான், ஜாய். என் கையெழுத்து இருந்தால்தான் அந்தக் கம்பெனி இந்த மெஷினை மற்ற ஊர்களுக்கு அனுப்ப முடியும். போட மாட்டேன் என்றேன். பாஸானது ரத்தினம்மாதான், வேண்டுமானால் ஒவ்வொரு மெஷினோடும் ஒரு ரத்தினம்மாவைச் சேர்த்து அனுப்புங்கள் என்றும் சொன்னேன். பெங்களூரிலிருந்து வந்த ஷில்பா கோபித்துக்கொள்ளாமல், என்ன வேண்டும் என்று கேட்டாள். அப்படிக் கேட்டதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. வழுவழுப்பான கண்ணாடியில் என் விரலுக்கு ஒன்றும் தெரியாது, பட்டன்கள் வேண்டும், ஐந்தின் மேல் ஒரு புள்ளி வேண்டும் என்றேன். தமிழிலும் கன்னடத்திலும் காதுக்குள் பேச வேண்டும். நாகேஷுக்கு எட்டும்படி எல்லாம் கீழே இறங்க வேண்டும். இயர்போன் மாட்டியதும் திரை அணைந்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது எதற்கு என்று மட்டும் அவள் கேட்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன் மைசூரில் பேசும் புத்தகங்கள் தயாரிக்கும் ஒரு நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பித்தேன். கவரைத் தபாலில் சேர்த்தது என் அப்பா ஏசுபாதம். கவுண்டரில் முகவரியைச் சத்தமாக வாசித்தார், வரும் வழியில் நாலு பேரிடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபக் குறிப்பாகவும் கொடுத்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு மாதம் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் அத்தனையிலிருந்தும் ஆள் வந்து என் தலையைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். வேலை கிடைக்காத வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்தத் தடவல் இன்னும் ஆறவில்லை.

இப்போது அதே நிலையத்தில் மறுபடி ஓர் இடம் காலி. தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஓர் ஆபீஸில் போன் எடுப்பது எனக்கு அலுத்துவிட்டது. இந்த வேலை எனக்கு வேண்டும். கிடைக்காமல் போனால் அது எனக்கு மட்டும் தெரிய வேண்டும். விண்ணப்பத்தை நானே டைப் செய்து, முகவரியையும் நானே அச்செடுத்து ஒட்டினேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றைய தேதியில் தபாலில் ஏறினால்தான் செல்லும். ஷில்பா ஆறு வாரம் வேலை பார்த்துத் திருத்திய மெஷினை மறுபடி சோதிக்க வரச் சொன்னதும் அதே வெள்ளிக்கிழமைதான். சோதனைக்கு வெற்றுக் கவர் எதற்கு, என் கவரையே அனுப்புகிறேன் என்று முடிவு செய்தேன்.

மூன்றே கால் மணிக்குப் போனேன். நாலு மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள். அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் சோதனை என்ற செய்தி லைனில் பரவி, அவர் எனக்கு முன்பே அங்கே நின்றார், கூடவே ரத்தினம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும். முதலில் நாகேஷின் முறை. நாற்காலியை விட்டு அசையாமல் எல்லாவற்றையும் எட்டிவிட்டான். உதவ வந்த கைகளுக்கு அவனிடம் வேலையே இருக்கவில்லை. அந்தக் கைகள் எல்லாம் எனக்காகக் காத்திருந்தன.

கவரை முகவரி கீழே இருக்கும்படி எடைத் தட்டில் வைத்து இயர்போனைச் செருகினேன். காதுக்குள் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. நான் கேட்டபடியே திரை அணைந்தது. உடனே பின்னால் களேபரம். கரண்ட் போய்விட்டது என்றார் ஒருவர், மெஷின் செத்துவிட்டது என்றார் இன்னொருவர். நான் பின்கோடின் நாலாவது எண்ணில் இருந்தபோது ரத்தினம்மா இயர்போனைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினார். போட்டதெல்லாம் அழிந்து மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்கியது.

இரண்டாவது தடவை என் செல் நம்பர் வரை போய்விட்டேன். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்துப் போட்டார். மெஷினுக்கு மறுபடி உயிர் வர ஐந்து நிமிடம் ஆனது. ஷில்பா எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள், யார் கேட்டார்கள்? உள்ளே பையைக் கொண்டுவரச் சொல்லும் குரல் கேட்டது. மணி மூன்று ஐம்பது. ரத்தினம்மா தட்டிலிருந்து கவரை எடுக்கப் பார்த்தார். கவுண்டரில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை என்றார். உண்மைதான். ஒரு நிமிடத்தில் தபாலும் போய்விடும், லைன் முழுக்கச் செய்தியும் போய்விடும். கவரின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அப்பா இருபத்தெட்டு வருடம் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பெல்மேனாக இருந்தவர். ஆட்களை ஏற்றிய இரும்புக் கூண்டான கேஜ் ஷாஃப்டில் இறங்குவதும் ஏறுவதும் நிற்பதும் அவர் அடிக்கும் மணியை வைத்துத்தான். தப்பாக ஒரு மணி விழுந்தால் உள்ளே இருப்பவர்களின் உயிர் போய்விடும். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் அவர் குரல் வந்த பக்கம் திரும்பினேன்.

"அப்பா, கேஜ் இறங்கறப்ப பெல்லு யாரு கையில இருக்கும்?"

"பெல்மேன் கையிலதான்."

"பக்கத்துல நிக்கறவன் அடிக்கலாமா?"

"மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது."

"இப்ப பெல்லு என் கையில இருக்குதுப்பா."

 அப்பாவின் செருப்புச் சத்தம் ஓரடி பின்னால் போனது. "எல்லாம் பின்னால வாங்க. வாயி தொறக்காதீங்க," என்றார். அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. ஷில்பா கெஞ்சியபோது அசையாத கூட்டம் அதற்கு அசைந்தது.

நான் மூன்றாவது முறை தொடங்கினேன். பின்கோடில் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டேன். குரல் திருப்பிச் சொன்னது, அழித்துச் சரியாகப் போட்டேன். செல் நம்பர் போட்டேன். பணத்துக்குக் கார்டைக் காட்டச் சொன்ன இடத்தில் காட்டினேன். கவரில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் வந்துவிட்டது என்றது குரல், எங்கே என்று சொல்லவில்லை. வலப்பக்கம் தடவினேன், இடப்பக்கம் தடவினேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பத்துப் பேருக்கும் அது எங்கே என்று தெரியும். அப்பா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. பாவம், ஷாஃப்டில்கூட அவர் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார். யாரும் சொல்லவில்லை. முட்டி உயரத்தில், பட்டன்களுக்கு நேர் கீழே, அது என் விரலுக்குக் கிடைத்தது.

ஒட்டினேன், பெட்டிக்குள் போட்டேன். உங்கள் தபால் ஏற்கப்பட்டது என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது. மணி மூன்று ஐம்பத்தேழு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முப்பத்தாறு வயதில் முதல் முறையாக ஒரு கடிதத்தை நானே அனுப்பியிருக்கிறேன். ஸ்டிக்கர் வரும் இடத்தில் விரலுக்குத் தெரியும்படி மேடு வைக்கவும், அது எங்கே என்று குரல் சொல்லவும் வேண்டும் என்று அறிக்கையில் எழுதச் சொன்னேன். ஷில்பா எழுதிக் காட்டாமல் வாசித்துக் காட்டினாள். அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். திரை ஏன் அணைய வேண்டும் என்று அவள் மறுபடி கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா என் பக்கத்தில் வந்தார். வழியெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வாசலில் ரத்தினம்மாதான் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணே, ஜாய் யாருக்கு லெட்டர் போட்டுச்சி?"

"தெரியாது."

"பக்கத்துலயேதான நின்னீங்க?"

"நின்னேன்மா. பெல்லு அவ கையில இருந்துச்சி. எனக்கின்னா வேலை அங்க?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அப்பா உள்ளே போனார்.