அடைகாக்கும் அறை

முட்டை பொரிய இன்னும் நான்கு நாள் இருந்தது. சவுரிமுத்துவுக்கு இருமல் தொடங்கி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. முதல் கணக்கை வீட்டில் எல்லோரும் வைத்திருந்தார்கள். இரண்டாவதை வைத்திருந்தவள் அவர் மகள் சினேகா மட்டும்தான்.

செம்பாக்கம் ஏரியைப் பார்த்தாற்போல் இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. ஏரிக்காற்று கூடத்துக்கு வரும், சமையலறைக்கு வரும். சவுரிமுத்து படுக்கும் அறைக்கு மட்டும் வராது. அங்கே ஜன்னலைச் சாத்தி, மேலே ஒரு போர்வையையும் தொங்கவிட்டிருந்தார். கட்டிலை ஒட்டிப் போட்ட மேஜையில் இரண்டு கூண்டுகள். பெரியதில் எட்டு ஃபிஞ்ச் குருவிகள். சின்னதில் ஒரு ஜோடி, ஒரு மண்கலயம், கலயத்துக்குள் தேங்காய் நாரின் மேல் ஐந்து முட்டைகள். உள்ளே நுழைந்தால் தினை உமியும் எச்சமும் கலந்த ஒரு காய்ந்த நெடி மூக்கில் ஏறும். கதவு திறக்கும்போது விழும் வெளிச்சத்தில் மாவு போன்ற தூசி மிதக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சினேகா மூச்சை அடக்கிக்கொள்வாள்.

சவுரிமுத்து பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவரை அவர் பேசும் பேச்சு டெப்போவின் வெளிக்கேட் வரை கேட்கும் என்பார்கள். வீட்டிலும் அதே ஆள்தான். எட்டரை மணிச் சாப்பாடு எட்டே முக்காலுக்கு வந்தால் தட்டு சுவரில் இருக்கும். சின்ன வயதில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே சினேகாவுக்கும் அவள் அம்மா பியூலாவுக்கும் அன்றைய மாலை எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். சினேகா குரலை உயர்த்திப் பேசாதவளாக வளர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு யாரோ கொடுத்த ஒரு ஜோடிக் குருவியோடு வந்தார். முதல் முறை முட்டையிட்டபோது மணிக்கொரு தடவை கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பெட்டை கூட்டையே வெறுத்துவிட்டது. இரண்டாவது முறை குஞ்சு பொரிந்தது. கீழ்வீட்டு பக்தவச்சலத்துக்குக் காட்டுவதற்காகக் கலயத்தைக் கழற்றிக் கொண்டுபோனார். மறுநாள் காலையில் மூன்று குஞ்சுகளும் கூண்டின் தரையில் கிடந்தன, தாயே தூக்கிப் போட்டிருந்தது. சவுரிமுத்து யாரையும் திட்டவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் மாறினார். துணைக்கு இருக்கட்டும் என்று இன்னும் எட்டுக் குருவிகளை வாங்கிப் பெரிய கூண்டில் விட்டார். பெட்டைக்குச் சத்தம் ஆகாது என்று குரலைத் தாழ்த்தினார். தரை அதிர நடப்பதைக் குறைத்தார். காகம் எட்டிப் பார்க்கிறது என்று பால்கனியிலிருந்து கூண்டைத் தன் அறைக்குக் கொண்டுவந்தார். காற்றில் நார் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தொடாமல், எட்டிப் பார்க்காமல், மணிக்கணக்கில் உட்காரக் கற்றுக்கொண்டார். சாப்பாடு ஒன்பதரைக்கு வந்தாலும் வாங்கிக்கொண்டார்.

இருமல் அந்த அறையில்தான் தொடங்கியது.

பத்து நாளைக்கு முன்பு ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் சினேகா அவரைக் கூட்டிப்போயிருந்தாள். டாக்டர் ஸ்ரீநிவாசன் நிதானமாகக் கேட்டார். சிகரெட் உண்டா, வேலை செய்த இடத்தில் புகை உண்டா, சாயங்காலத்தில் காய்ச்சல் வருகிறதா. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு, வீட்டில் புறா வளர்க்கிறீர்களா, பால்கனியில் வந்து அடைகிறதா என்றார்.

"புறாவா? நம்ம வூட்டாண்ட ஒண்ணு அண்டாது சார். வலை கட்டிக்கீறேன்" என்றார் சவுரிமுத்து, கொஞ்சம் பெருமையோடு.

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை புறா என்பது அசிங்கம் பண்ணும் ஜந்து. குருவி அவர் பிள்ளை. இரண்டையும் ஒரே பேச்சில் சேர்க்க அவருக்குத் தோன்றியிருக்காது. ஆனால் சினேகா நுண்ணுயிரியல் படித்தவள். மேடவாக்கத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லாரித் தண்ணீரில் என்ன வளர்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. டாக்டர் ஏன் புறாவைக் கேட்கிறார் என்று அவளுக்கு உடனே புரிந்தது. வாயைத் திறந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார், ஃபைலை எடுத்துக்கொண்டாளா என்று பார்க்கத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்போது செல்போனில் தேடிப் படித்தாள். பறவை வளர்ப்பவர்களின் நுரையீரல் என்று அதற்குப் பெயரே இருந்தது. இறகுத்தூசியும் எச்சத்தூசியும் சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகும். பறவையை விட்டு விலகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விலகாவிட்டால் நுரையீரலில் வடு விழும். விழுந்த வடு போகாது. பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த அப்பா, ஆட்டோ மேடவாக்கம் ரோட்டு நெரிசலில் நின்றபோதும் டிரைவரை ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குருவி சுண்ணாம்புச் சத்துக்குக் கொத்தும் கணவாய் ஓடு தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் அவள் அன்று மாலையே சொன்னாள். பியூலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டாக்டரே சொன்னாரா என்று கேட்டாள். இல்லை, நானாகத்தான் படித்தேன் என்றாள் சினேகா.

"அப்போ நிச்சயமில்ல."

"எனக்கு நிச்சயம்மா."

பியூலா தண்ணீரை இறுத்தாள். படுக்கையறைக் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இந்த ஆறு மாசம்தான் நான் நிம்மதியா மூச்சு விடுறேன். முட்டை பொரியட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன். இப்ப நீ வாயைத் திறந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தட்டு மட்டும் பறக்காது. கூண்டை அவரே மாடியிலிருந்து வீசினாலும் வீசுவார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அந்தக் குருவிகளின் பெயரால் வீட்டில் ஒவ்வொரு வேளையும் ஒரு விசாரணை நடக்கும். அம்மாவின் பயம் அவளுக்கும் இருந்தது. அதனால்தான் அவள் காத்திருந்தாள். ஆனால் அவள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் தூசியை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் எவ்வளவு பொறுமையாக இருந்தாரோ அவ்வளவுக்கு உள்ளே போயிற்று.

சொல்லாமல் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தாள். லேபிலிருந்து முகமூடி கொண்டுவந்து, ஊரெல்லாம் காய்ச்சல் என்று கொடுத்தாள். அவர் அதைத் தாடையில் மாட்டிக்கொண்டார். கூண்டுத் தட்டை நானே சுத்தம் செய்கிறேன் என்றாள். புதுக் கை பட்டால் பெட்டை மிரளும் என்று மறுத்துவிட்டார். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். வந்ததும் கண்டுபிடித்துவிட்டார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தொறக்காதம்மா. காக்கா பார்த்துகினே கீது" என்றார், அத்தனை மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அதில் பாதி அன்பு. மீதி, காற்று போதாமை.

மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று ஏரியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்யத் தொடங்கியிருந்தார். சாயங்காலமானால் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார். சட்டைக் காலர் கழுத்தில் தளர்ந்து தொங்கியது.

முட்டை பொரிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. பியூலா ஜெபத்துக்குப் போயிருந்தாள். அறையிலிருந்து அவர் விரலால் கதவைச் சுரண்டும் சத்தம் கேட்டு சினேகா உள்ளே போனாள். அவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, காதைக் கலயத்தின் பக்கம் காட்டினார். உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. தீக்குச்சியைப் பெட்டியில் லேசாக உரசினால் வருமே, அந்த அளவுதான்.

"கேக்குதா? ரெண்டு வந்துடுச்சு. மூணுகூட இருக்கலாம்." அவர் கண் நிறைந்திருந்தது. "டெப்போல என்னைப் பார்த்த எவன்னா இப்ப பார்த்தா நம்புவானா சொல்லு? சொம்மா பீலா வுடாதன்னுவான். ஒரு தபா, ஒரு தபாகூட நான் கைய வுட்டுப் பார்க்கல."

அவள் சிரித்தாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது அவருக்கு இருமல் வந்தது. எழுந்து வெளியே போயிருக்கலாம். அவசரமாகத் திறந்தால் கதவு கிரீச்சிடும் என்று அவர் போகவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். நாற்காலியின் கையைப் பிடித்தபடி, சத்தமே வராமல், உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. முகம் கறுத்தது. கண்கள் கலயத்தை விட்டு நகரவில்லை. பெட்டை பயப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சினேகா அவர் முதுகில் கை வைத்தாள். விலா எலும்புகள் அவள் உள்ளங்கைக்குக் கீழே வலைபோல விரிந்து சுருங்கின. நாற்காலியைப் பிடித்திருந்த அவர் விரல்களின் நகங்கள் நீலமாக இருந்தன. துண்டை இழுக்கப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அது அடங்குவதற்குள் அவர் செத்துப்போவார் என்று அவள் முழுமனதாக நம்பினாள்.

அடங்கியது. துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். குஞ்சுகள் மறுபடி உரசத் தொடங்கின. அவர் நிம்மதியாகத் தலையசைத்தார்.

ஜெபம் முடிந்து வந்த அம்மாவை அவள் வாசலிலேயே நிறுத்தி, பொரிந்துவிட்டது, சொல்லுங்கள் என்றாள். பியூலா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இறக்கை முளைக்கட்டும் என்றாள். இப்போது கூண்டை நகர்த்தினால் தாய் குஞ்சுகளைத் தூக்கிப் போட்டுவிடும், அப்படிப் போட்டால் என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் சுவரோரம் வைத்தாள்.

டாக்டர் வரச்சொன்ன நாள் அந்த வாரமே வந்தது. பியூலா, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்பு கிடைக்கவில்லை என்றாள். சினேகா மட்டும் அப்பாவோடு போனாள். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு டாக்டர் பேனாவால் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பனி படிந்த கண்ணாடிபோல் வெளுத்திருந்தது.

"போன தடவை எடுத்த எக்ஸ்ரேக்கு இது எவ்வளவோ அதிகம். காரணம் பிடிபடல. நீங்க சொன்னதுல எதுவும் பொருந்தல. ஒரு சின்ன பீஸ் எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்."

எப்படி எடுப்பார்கள் என்றும் சொன்னார். மயக்கம் கொடுத்து, விலாவில் துளை போட்டு, பிறகு ஒரு குழாய் வைத்து. இப்போது மூச்சு இருக்கிற நிலையில் மயக்க மருந்தில் கொஞ்சம் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை என்றார். சினேகா திரையிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்தாள். தேவையே இல்லாத ஒரு கத்தி. அதை அப்பாவின் விலாவுக்குக் கொண்டுவந்தது தன் வாய்தான், திறக்காத வாய்.

"எத்தினி நாளு சார் இங்க கெடக்கணும்?" என்றார் சவுரிமுத்து.

"நாலஞ்சு நாள்."

"முடியாது சார். வூட்ல வேலை கீது."

டாக்டர் சிரித்தார். "ரிடையர் ஆயிட்டேன்னீங்களே. அப்படி என்ன வேலை?"

மேஜைக்கு அடியில் சவுரிமுத்துவின் கை வந்து சினேகாவின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தப் பிடி விட்ட பிறகும் சிவந்த அடையாளம் ராத்திரி வரை இருக்கும். அவள் உடம்பு தன்னால் சுருங்கியது. ஆனால் இப்போது அதில் பலமே இல்லை. அவள் லேசாகத் திருப்பினாலே விட்டுப்போகும். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருப்பார் என்று நினைத்தாள். அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இருமல் குருவிகளால்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று அவளால் சொல்ல முடியவில்லை. டாக்டர் புறாவைக் கேட்ட அன்றேகூட இருக்கலாம். அவரும் இத்தனை நாள் அம்மாவைப்போல, அவளைப்போல, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பயந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நர்ஸை அட்மிஷனுக்கு எழுதச் சொல்றேன்" என்று டாக்டர் மணியை நோக்கிக் கையை நீட்டினார்.

சினேகா ஏதோ சொன்னாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"என்னம்மா? சத்தமா சொல்லு."

மணிக்கட்டில் இருந்த விரல்கள் ஒருமுறை இறுகின. அவள் அந்தக் கையை உதறவில்லை. அதன்மேல் தன் இன்னொரு கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"வீட்ல பறவை இருக்கு சார். புறா இல்ல, ஃபிஞ்ச். பத்துப் பெருசு, அதுபோகக் குஞ்சு. அப்பா படுக்கிற ரூம்லயே வெச்சிருக்கோம், ஜன்னலை மூடி."