மாவைச் சுமந்த புழு

மார்ச் 14, வெள்ளி. இன்று காலை ஒரு தவறு செய்தேன். பேராவூரணியில் உபைதுல்லா மாமாவின் தோப்பில், தென்னை ஓலையின் அடியில் ஊர்ந்த வெள்ளை உருண்டைகளை மாவுப்பூச்சி என்று சொல்லிவிட்டேன். மாமா உடனே மருந்தடிக்க ஆள் வரச்சொன்னார்.

மாலை வேளாண்மை வகுப்பில், கையோடு எடுத்துப் போயிருந்த ஒன்றை லென்ஸில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. ஓலையின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈக்களைத் தின்றுவிட்டு, அவை மேலே பூசிக்கொள்ளும் வெள்ளை மாவையே முதுகில் ஒட்டிக்கொண்டு திரிகிறது.

போன் அடித்தேன். மாமா எடுக்கவில்லை. சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் ஆறு மரங்களுக்கு அடித்துவிட்டார்கள்.

"மாமா, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க! அது மாவுப்பூச்சி இல்ல, வெள்ளை ஈயைத் திங்கிற பூச்சி."

"காலையில நீதானே சபிஹா சொன்ன? கிளாஸுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கட்சி மாறிடுச்சா?"

மருந்தடிப்பவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"கலக்கின மருந்து டேங்க்ல இருக்கு. ரெண்டு நிமிஷத்துல காட்டு."

மருந்து படாத மரத்தின் தாழ்ந்த ஓலையை இழுத்து, ஒரு புழுவின் முதுகிலிருந்த மாவை ஓலை ஈர்க்குச்சியால் நீக்கினேன். பழுப்புப் புழு அசையாமல் கிடந்தது. நானே கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு அது மெல்ல நகர்ந்து, வெள்ளை ஈயின் குஞ்சு ஒன்றை வளைந்த தாடைகளால் கவ்வியது.

மாமா குனிந்து பார்த்தார். "நிறுத்துப்பா" என்றார்.

நாளை காலை ஏழு மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு, மருந்து பட்ட ஆறு மரங்களின் கீழ் ஓலைகளைத் திருப்பி, உயிரோடு இருக்கும் புழுக்களை எண்ண வேண்டும்.