கிட்டத்தட்ட அதே பேர்

"பேர இன்னொரு தடவ சொல்லுங்கக்கா," என்றாள் நர்ஸ் ரஞ்சிதா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குழந்தைசாமிங்க சிஸ்டர்."

கலைமணி ஒரு கையால் அப்பாவின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின. காலையில் மிளகுத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்தவரை அவள் கணவன் முரளிதான் பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். வண்டியை ஓரங்கட்டப் போனவன் இன்னும் உள்ளே வரவில்லை.

ரஞ்சிதா கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. மலைக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. போன வருசம் மருத்துவ முகாமில் அப்பாவைப் பார்த்தார்கள் என்று கலைமணி சொன்னதால், அந்தப் பழைய பதிவைத் தேடினாள். குழந்தைசாமி என்று அவர் ஊர்ப் பட்டியலில் யாரும் இல்லை. ஆனால் அடுத்த நொடியே 'இவரைத் தேடுகிறீர்களா?' என்று கேட்டு, திரையில் நாலைந்து பெயர்கள் இறங்கின.

"கொலந்தசாமின்னு ஒருத்தர் இருக்காரு. குண்டூர் நாடு. அப்பா பேரு சின்னக்கண்ணு."

"அவருதானுங்க."

முகாமில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள் என்றாள் ரஞ்சிதா. பழைய கம்ப்யூட்டர் ஒரு எழுத்து மாறினால்கூட ஆளே இல்லை என்றுவிடுமாம். இது புதுசு, எப்படித் தப்பாக அடித்தாலும் கிட்டத்தில் இருக்கிற பேரைக் கொண்டுவந்துவிடுகிறது என்று மெச்சிக்கொண்டாள்.

அதுவரை குனிந்திருந்த அப்பா தலையைத் தூக்கினார். "எம்பொண்ணு... பண்ணுனது," என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

ரஞ்சிதா கலைமணியை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்களாக்கா?"

"இல்லீங்க. எந்தங்கச்சி. சேலத்துல இருக்கறா."

ரஞ்சிதா மேலே படித்துக்கொண்டே போனவள் சட்டென்று எழுந்தாள். ஒரு ஊசி மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று போட்டிருக்கிறது, அதைத்தான் இப்போது எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினாள்.

அந்த முகாமில் அப்பாவின் முகம் பலாப்பழம் மாதிரி வீங்கியபோது பக்கத்தில் இருந்தவள் கலைமணி. வீக்கம் வடியும்வரை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். ஊசி என்று தெரியும், எந்த ஊசி என்று மனசில் நிற்கவில்லை. தங்கச்சியின் கம்ப்யூட்டரில் நின்றிருந்தது.

தங்கச்சி தேன்மொழி கம்ப்யூட்டரில் பேர் தேடும் அந்த நிரலை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் சாயங்காலமானால் அக்காவுக்குப் போன் போடுவாள். மலையில் இந்தப் பேரை எப்படிச் சொல்வார்கள், அந்தப் பேரை எப்படிச் சுருக்குவார்கள் என்று கேட்பாள். குழந்தைசாமியைக் கொழந்தசாமி என்பதும், பாப்பாத்தியைப் பாப்பாயி என்பதும் கலைமணி களி கிண்டிக்கொண்டே சொன்னவை. வேலை முடிந்ததும் அப்பா சந்தையில், பஸ்ஸில், மிளகு வாங்க வருகிற கீழ்நாட்டு வியாபாரிகளிடம் எல்லாம் சொன்னார். எம்பொண்ணு தேனு, எம்பொண்ணு தேனு. உங்களுக்கு எத்தனை பெண்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் பக்கத்திலேயே மூட்டையைச் சுமந்துகொண்டு கலைமணி நின்றிருக்கிறாள்.

அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்து ஆக்ஸிஜன் மாட்டினார்கள். இருதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, கீழே நாமக்கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் இந்த நிலைமையில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்க மாட்டார், கொஞ்சம் தேறட்டும் என்றார் டாக்டர். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

முரளி அருகில் வந்தான். "தேனுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்," என்றாள் கலைமணி.

போன் அவள் இடுப்பில் செருகியபடியே இருந்தது. தேனு வந்தால் அப்பாவின் முகம் அவள் பக்கமே திரும்பிவிடும். நர்ஸ், டாக்டர் எல்லோரும் அவளிடம்தான் பேசுவார்கள். இந்த ஒரு மத்தியானம் அப்பா தனக்கு மட்டும் இருக்கட்டும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் போய்விடுவார் என்று நினைக்கவில்லை. முரளி சுடுதண்ணீர் வாங்க வெளியே போனான்.

வெயில் சாயும் நேரத்தில் அப்பா கண் திறந்தார். அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் வெளிச்சம் வந்ததை அவள் கண்டாள்.

"தேனு."

நான் கலைமணிங்கப்பா என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த வெளிச்சம் போய்விடும்.

"இருக்கறேனுங்கப்பா."

"எப்ப வந்த கண்ணு?"

"இப்பத்தானுங்க."

அவள் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார். மூக்கின் மேலிருந்ததைக் கொஞ்சம் விலக்கினார்.

"அக்காகூடச் சண்ட கட்டாத. அவ இருக்கறதாலதான் நான் இருக்கறேன்." மூச்சுக்காக நிறுத்தினார். "உன்னையப் பத்தி ஊரெல்லாம் சொல்லலாம். அவளப் பத்தி எங்க போயிச் சொல்றது, கண்ணு?"

கலைமணி அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றினாள்.

"அவள வரச் சொல்லு."

"சொல்றேனுங்கப்பா."

அவர் கையை விடவில்லை. விட்டிருந்தாலும் அவள் எங்கே போய் யாரைக் கூட்டிவர முடியும்? அப்பா தலையைத் திருப்பி அறை வாசலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ரஞ்சிதா வந்து அவர் கண்களை மூடியபோதும் அவை அந்தப் பக்கமே இருந்தன.

அதற்குப் பிறகுதான் கலைமணி தங்கச்சிக்குப் போன் செய்தாள்.

இருட்டி வெகுநேரம் கழித்துத் தேன்மொழி வந்து இறங்கினாள். வீட்டு வாசலில் கிடத்தியிருந்த அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள்.

"மத்தியானமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பனேக்கா."

பந்தலுக்குத் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த முரளி கலைமணியைப் பார்த்தான். ஏற்கெனவே போட்ட முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"உன்னையத்தான் கூப்புட்டாரு," என்றாள் கலைமணி.

தேன்மொழி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "உனக்கென்னக்கா, நீ பக்கத்துல இருந்த," என்றாள். அந்தக் குரலைத் தனக்குள் கேட்டுக் கேட்டுக் கலைமணிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தங்கச்சியிடமிருந்து அதை இதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அப்பா சொன்ன மற்றதை அவள் சொல்லவில்லை. அது தேனுவிடம் சொன்னது. தேனுவுக்குப் போய்ச் சேர வேண்டியது. இருந்தும் கொடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மேட்டுக்காட்டில் அடக்கம் முடிந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தேன்மொழி உடுத்திய சேலையோடு பாயில் சுருண்டு தூங்கிவிட்டாள்.

வாசலில் அவளுடைய செருப்புகள் கிடந்தன. சேலத்தில் வாங்கிய மெல்லிய வார் வைத்த செருப்பு. பட்டையெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. கலைமணி ஒரு குச்சியை எடுத்து உட்கார்ந்து மண்ணைச் சுரண்டினாள். பின்பு செம்பில் தண்ணீர் மொண்டுவந்து தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயில் படும் இடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மலை மேலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. அவற்றை எடுத்து உள்ளே வைத்தாள்.