வலிக்காது என்றார்கள்

ஜமாலின் இடது தொடையில் கட்டி வந்தபோது அவன் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. முதலில் கொசுக்கடி என்றுதான் அவன் தாய் ஷரீபா நினைத்தாள். இரண்டே நாளில் அது சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்தது. பிள்ளை பால் குடிக்காமல் முனகிக்கொண்டே கிடந்தான்.

கணவன் ஷேக் தாவூதும் அவனுடைய அக்கா நஜ்முன்னிசாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புத்தூரில் டாக்டர் அருள்நாதன் வைத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஷரீபாவும் கிளம்பினாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத பெண் வாசல் தாண்டக்கூடாது என்று நஜ்முன்னிசா அவளை உட்காரவைத்துவிட்டாள்.

மதியம் திரும்பி வந்தார்கள். ஷரீபா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவன் அழுவதற்கு வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்த சிவப்புத் தடம்.

"என்ன பண்ணினாங்க இவனை?"

"கீறி சீழை எடுத்தாங்க," என்றாள் நஜ்முன்னிசா. "நான் கையைப் புடிச்சுக்கிட்டேன், நர்சம்மா காலைப் புடிச்சுக்கிட்டாங்க. உள்ள மருந்துத் திரி வச்சிருக்கு. தினம் அதை எடுத்துட்டு வேற வைக்கணுமாம்."

"மரத்துப்போற ஊசி போட்டாங்களா?"

"இத்துனூண்டு புள்ளைக்கு எதுக்கு ஊசி? பச்சப்புள்ளைக்கு நரம்பு இன்னும் முத்தலையாம். வலியே தெரியாதாம். டாக்டரே சொன்னாரு."

ஷரீபா கணவனின் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். பெரிய கடை வீதியில் பூட்டும் ஆணியும் விற்கிறவன் அவன். போன கோடையில் இரும்புச் சிலாம்பு ஏறி அந்த விரலில் நகச்சுற்று வந்தது. இதே டாக்டர்தான் ஊசி போட்டு விரலை மரக்கவைத்துக் கீறினார். ஒன்றுமே தெரியவில்லை என்று வீடு வந்து பெருமையாகச் சொன்னவன், ஊசியின் வேகம் தணிந்ததும் படுத்துப் புரண்டான். அந்த வாரம் முழுக்க அவள்தான் சோறு பிசைந்து ஊட்டினாள்.

"உங்க விரலுக்கு மட்டும் ஊசி போட்டாரே?"

"நான் பெரிய ஆளு."

"பெரிய ஆளுக்குத்தான் வலிக்குமா?"

அவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "படிச்சவரு சொல்றாரு. உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க அப்ப எங்க நின்னீங்க?"

"வெளியில. எனக்கு ரத்தம் பார்த்தா ஆகாது, உனக்குத் தெரியுமே."

பிள்ளைக்கு ஈரத்துணி மாற்றும்போது ஷரீபாவின் கை தொடைப் பக்கம் போனாலே அவன் உடம்பு விறைத்தது. புண்ணின் மேல் போட்டிருந்த கட்டுத்துணியைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் போனதற்கே அப்படி. வலி தெரியாத பிள்ளை எதற்கு விறைக்கிறான் என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துணியை மாற்றினாள்.

மறுநாள் காலையில் ஜட்கா வந்து நின்றபோது ஷரீபா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பிள்ளையோடு வாசலில் நின்றாள்.

"நாப்பது கழியலடி," என்றாள் நஜ்முன்னிசா. "ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். நாப்பதுக்கு நான் அல்லாகிட்ட பதில் சொல்லிக்கிறேன்."

ஷேக் தாவூது அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறினான். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் சேறு. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பிள்ளை முகம் சுளித்தான். அவள் அவனை மடியிலிருந்து உயர்த்திக் கையிலேயே தாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டோரதி வந்து கையை நீட்டினாள். "குழந்தையைக் குடுங்க. நீங்க இங்கேயே இருங்க. அம்மாமார் உள்ள வரக்கூடாது."

"நானும் வரேன்."

"வந்து அழுவீங்க, மயக்கம் போடுவீங்க. டாக்டருக்குக் கோபம் வரும்."

"எனக்கு ஏற்கெனவே வந்திருச்சு," என்று சொல்லிவிட்டு ஷரீபா உள்ளே போனாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். அவளைத் தாண்டி ஷேக் தாவூதைப் பார்த்தார். "என்ன சாயபு, இவங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கேக்க மாட்டேங்கிறா," என்றான் அவன்.

"இங்க பாரும்மா. திரியை எடுத்து வைக்க ஒரு நிமிஷம் ஆகும். குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது. அழறது ஒரு அனிச்சைச் செயல்தான். வெளிச்சம் பட்டாலும் அழும், குளிர்ந்தாலும் அழும்."

"நேத்து அழுது அழுது இவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க. வெளிச்சத்துக்கு யாரும் இப்படி அழுது நான் பார்த்ததில்ல."

"வலிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"இவன்தான் சொல்றான். கையைக் கொண்டுபோனாலே உதறுறான். வேற எப்படிங்க சொல்லுவான்?"

டாக்டரின் குரல் உயர்ந்தது. "இத்தனை சின்ன உடம்புக்கு மருந்து கொடுத்தா மூச்சு நின்னுடும். தெரியுமா உனக்கு? நான் பார்த்திருக்கேன். மயக்கம் கொடுத்த குழந்தை எழுந்திருக்கவே இல்லை."

ஷரீபா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அதைச் சொல்லுங்க," என்றாள். "மருந்து குடுக்க பயமா இருக்கு, அதனால வலியோடதான் செய்யணும்னு சொல்லுங்க. எனக்குப் புரியும். வலியே இல்லைன்னு ஏன் சொல்றீங்க? அப்படிச் சொல்லிட்டுத்தானே இவனை ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் புடிச்சீங்க. வலியே இல்லைன்னுட்டா அதைக் குறைக்க யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம் பாருங்க."

"ஷரீபா," என்றான் ஷேக் தாவூது.

"நீங்க சும்மா இருங்க. டாக்டர், மருந்து வேண்டாம். என் மடியில வச்சுச் செய்யுங்க. பால் குடிச்சுக்கிட்டிருக்கும்போது செய்யுங்க."

"பால் புரையேறினா?"

"அழுதா உடனே எடுத்துடறேன். நீங்களும் கையை நிறுத்துங்க. அடங்கினதும் மறுபடி செய்யலாம்."

ஷேக் தாவூது அவள் காதருகே குனிந்தான். "அந்நிய ஆம்பளை முன்னாடியா?"

"துப்பட்டி இருக்கு. உங்களுக்கு வெக்கமா இருந்தா நேத்து மாதிரி வெளியில நில்லுங்க."

டாக்டர் அருள்நாதன் வராந்தாவில் காத்திருந்த கூட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு டோரதியிடம், "ஒரு நாற்காலி போடு. இவங்ககூட வாதாட எனக்கு நேரமில்லை," என்றார்.

அவள் உட்கார்ந்து துப்பட்டிக்குள் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். தொடை மட்டும் வெளியே தெரிந்தது. அவன் குடிக்கத் தொடங்கி, மூச்சு சீராகும்வரை டாக்டரைத் தொடவிடவில்லை. டோரதி கட்டுத்துணியை வெந்நீரால் நனைத்து மெதுவாகப் பிரித்தாள்.

திரி வெளியே வந்தபோது பிள்ளை துடித்தான். மார்பை விட்டுவிட்டுக் கம்மிய குரலில் வீறிட்டான். ஷரீபா அவனை நிமிர்த்திப் பிடித்து, "நிறுத்துங்க," என்றாள். டாக்டரின் கை நின்றது. அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது; ஆனால் கை நின்றது. அவன் விம்மி, தேடி, மறுபடி வாய் வைத்தான். புதுத் திரியை உள்ளே விடும்போது ஒரு முறை முனகினான். கால் விரல்கள் விரிந்து மடங்கின. மார்பை விடவில்லை.

"முடிஞ்சுது," என்றார் டாக்டர். அவளைப் பார்க்காமல் கை கழுவப் போனார்.

வெளியே வரும்போது ஷேக் தாவூது, "டாக்டர்கிட்ட அப்படிப் பேசியிருக்க வேண்டாம்," என்றான். பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தான். அவளுக்குக் கோபம் தணியவில்லை. நேற்று இவன் மட்டும்தான் தனியாகக் கிடந்தானா? அந்த மேசையில் இதற்குமுன் எத்தனை பிள்ளைகள்?

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடி காலியாக இருந்தது. டோரதி அப்போதுதான் அவள் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். ஷரீபா அவள் முன்னால் நின்றாள்.

"உன் பேரென்னம்மா?"

"ராசாத்திங்க. மணப்பாறையிலேர்ந்து வரேன். புள்ளைக்குக் காதுக்குப் பின்னால கட்டி."

உள்ளேயிருந்து அலறல் கேட்டது. ராசாத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"எந்திரிச்சு உள்ள போ. மடியில வச்சுக்கிட்டு பால் குடுக்கறேன்னு சொல்லு."

"திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும்."

ராசாத்தி எழுந்தாள், தயங்கினாள், மறுபடி உட்கார்ந்தாள். ஜட்காவுக்குப் பக்கத்திலிருந்து ஷேக் தாவூது கூப்பிட்டான். ஷரீபா திரும்பிப் பார்த்து, "இங்க வாங்க," என்றாள். வந்தவனின் கையில் தூங்குகிற மகனைக் கொடுத்தாள். "தொடையில கை படாம புடிங்க."

பிறகு ராசாத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள்.