பஞ்சு வேண்டாம், சிஸ்டர்

"பஞ்சும் வேணாம், மாத்திரையும் வேணாம். ஆள விடுங்க, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு திபுவோ எழுந்தாள்.

வேனுக்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லை. தலையைக் குனிந்தபடியே கதவைத் தேடியவளின் பாவாடை நுனியை நர்ஸ் மாலெரட்டோ பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் வெள்ளை பாட்டில் இருந்தது. மடக்கு மேசைமேல் கிடந்த எச்.ஐ.வி. சோதனை அட்டையில் ஒற்றைக் கோடுதான் விழுந்திருந்தது. நோய் இல்லை, இதுவரை இல்லை. ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. ஈஸ்டருக்குத்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் இருக்கும் ஆண்கள் இந்த மாபுட்ஸ்வே ஊருக்குத் திரும்புவார்கள். திபுவோவின் புருஷன் சியபாத்தாவும் வருவான். ஆணுறை போட மாட்டான், ரத்தம் கொடுத்துப் பார்க்கவும் மாட்டான். இன்று ஆரம்பித்தால்தான் தடுப்பு மாத்திரை அதற்குள் உடம்பில் ஊறும். ஊர் மருத்துவமனையை இவளுடைய ஷிப்ட் முடிவதற்குள் பூட்டிவிடுவார்கள், சனிக்கிழமை ஓவர்டைம். மாதத்துக்கு ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு உள்ளே நிற்கும் இந்த வேனை விட்டால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

"உக்காரு. என்மேல கோவம்னா திட்டு. உடம்புமேல காட்டாத."

"உங்கமேல கோவப்பட்டு என்ன செய்ய?" என்றாள் திபுவோ. ஆனால் உட்காரவில்லை.

கோபப்பட நியாயம் இருந்தது. ஜீன்ஸ் தைக்கும் அந்தக் கம்பெனியில் பித்தளைப் பட்டன் திருட்டுப் போகிறதென்று, ஷிப்ட் முடிந்து வெளியேறும் ஒவ்வொரு பெண்ணின் பையையும் கேட்டில் கொட்டிப் பார்ப்பார்கள். காவலாளி மொலெஃபி பாட்டிலைக் கண்டால் காதருகே வைத்துக் குலுக்குவான். கிலுகிலுவென்று சத்தம் வந்தால், "ஓ, இந்தம்மாவும் அந்தக் கூட்டம்தானா?" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி சொல்வான். சிகிச்சை மாத்திரையா தடுப்பு மாத்திரையா என்றெல்லாம் அவனுக்குக் கவலையில்லை. அதற்குப் பயந்தே பாதிப் பேர் வேன் பக்கம் வருவதை விட்டார்கள். மாலெரட்டோ யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டிலுக்குள் பஞ்சை அடைத்தால் சத்தமே வராது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, போன மாதம் முதல் ஆளாக திபுவோவுக்கு அடைத்துக் கொடுத்தாள்.

மொலெஃபி குலுக்கினான், சத்தம் இல்லை. கனம் மட்டும் இருந்தது. மாத்திரை குலுங்காமல் இருக்கப் பஞ்சு வைப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பட்டன் குலுங்காமல் இருக்கத்தான் வைப்பார்கள் என்று நினைத்தான். பஞ்சைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்தான். நீல மாத்திரைகள் உருண்டன. சியபாத்தா அவனுக்குப் பெரியப்பா மகன் வேறு. "அடேங்கப்பா, எங்க அண்ணிக்கு முன்ஜாக்கிரதையப் பாருங்க!" என்று சிரித்தான். அன்று ராத்திரியே சுரங்கத்திலிருந்து போன் வந்தது. சியபாத்தாவின் கணக்கில் அவள் நோய்க்காரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புருஷனை நம்பாதவளாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தண்டனைதான், வந்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தான். திபுவோ மாத்திரைகளை லைன்வீட்டுக் கக்கூஸில் கொட்டிவிட்டாள்.

"இங்கயே இரு, வந்துடறேன்" என்று மாலெரட்டோ வேனைவிட்டு இறங்கினாள்.

மேலாளர் அறைக்குள் அவள் உட்காரவில்லை. நோயாளியின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். மருந்து பாட்டிலைத் திறக்காதீர்கள், வேறெதை வேண்டுமானாலும் சோதியுங்கள் என்றாள்.

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சோதனை கம்பெனி ரூல், சிஸ்டர். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் பாட்டிலோட வருவாங்க. உங்களுக்குச் சரிப்படலன்னா வேனை வேற எடத்துல நிறுத்திக்குங்க."

வெளியே வந்தவளுக்கு முகம் எரிந்தது. கேட்டருகே சோளக்களியை உருட்டிக் கீரையில் தோய்த்து மென்றுகொண்டிருந்த மொலெஃபி, "என்ன சிஸ்டர், பஞ்சு ஸ்டாக் தீந்துபோச்சா?" என்று கேட்டான்.

அவளுக்கு அவன் தட்டைத் தட்டிவிடத் தோன்றியது. இத்தனை வருட வேலையில் ஊர்த்தலைவர்களிடம் கெஞ்சியிருக்கிறாள், பாதிரிமார்களிடம் குழைந்திருக்கிறாள், தாத்தா வயதுக்காரர்களுக்கு மரக்கட்டையில் உறை மாட்டிக் காட்டி அவர்களுடைய அசிங்கமான ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்து வைத்திருக்கிறாள். எல்லாம் ஒளித்து ஒளித்து, பேர் மாற்றி, சுருட்டி மடித்துக் கொடுத்தே பழகிய கை. அந்த ஒளிப்பில்தான் இவன் மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள் என்று அவளுக்கு இப்போது பட்டது. எல்லாரும் பாட்டிலோடு வருவார்கள் என்று மேலாளர் பயந்தாரே, வரட்டுமே.

வேன் வாசலில் ஆலோசகி தெபெல்லோ சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். தனக்கு நோய் இருப்பதை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்கிறவள் அவள்.

"தெபெல்லோ, இரும்பு மாத்திரை எவ்வளவு இருக்கு?"

"சீட்டுக்கு அடியில பெட்டி பெட்டியாக் கெடக்கு. எவ வாங்குறா?"

"இந்தக் கம்பெனியில ஒடம்புல ரத்தம் இருக்கற பொண்ணு யாரு, சொல்லு பாப்பம். இன்னிக்கு எல்லாருக்கும் கண்ணு பாத்துக் குடுப்போம்."

இரும்பு மாத்திரையும் அதே வெள்ளை பாட்டிலில்தான் வரும். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். மொலெஃபி படிக்கிற ஜாதியில்லை, காதால் வேலை பார்க்கிறவன். தெபெல்லோவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அடிப்பாவி!" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். "நம்ம அதிகாரி கேட்டா?"

"ரத்தசோகைக்கு மருந்து குடுத்தோம்னு சொல்லு. பொய்யா?"

தெபெல்லோ இறங்கிப்போய், சாப்பிட உட்கார்ந்திருந்த பெண்களிடம் பேசினாள். அவளுடைய குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. "வாங்கடி வாங்க! தலை சுத்தறவ, மூச்சு வாங்கறவ, மொலெஃபியப் பாத்தா வயித்தக் கலக்கறவ, எல்லாரும் வாங்க!" பெண்கள் சிரித்தார்கள். சிலர் விஷயம் புரிந்து வந்தார்கள், சிலர் இலவசம் என்று வந்தார்கள். வம்பு எதற்கென்று திரும்பிப் போனவர்களும் நிறையப் பேர். மாலெரட்டோ ஒவ்வொருத்தியின் கீழிமையையும் இழுத்துப் பார்த்து, வெளுத்திருந்தவர்களுக்கு மட்டும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். வெளுக்காதவள் அரிதாகத்தான் இருந்தாள்.

கடைசியில் திபுவோவிடம் வந்தாள். அவள் எல்லாவற்றையும் வேனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இத்தன பேர் பாட்டிலக் கொட்டிப் பாக்க மாட்டான்" என்றாள் மாலெரட்டோ.

"என்னோடதக் கொட்டுவான், சிஸ்டர். அவனுக்குப் பட்டனா முக்கியம்? நாந்தான்."

இதை மாலெரட்டோ யோசித்திருக்கவில்லை. மறுபடியும் மெச்சிக்கொள்ளப் போன புத்தியை மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டாள். "அப்ப வேணாம், விடு. உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

திபுவோ சோதனை அட்டையை எடுத்து அந்த ஒற்றைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அட்டையை வைத்துவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டாள். மாலெரட்டோவின் கை பழக்கதோஷத்தில் பஞ்சுக்குப் போயிற்று.

"பஞ்சு வேண்டாம், சிஸ்டர்" என்றாள் திபுவோ.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வேன் போயிருக்க வேண்டும். மாலெரட்டோ அதை வெளியே, டாக்சிகள் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. நீலத் தூசி படிந்த தலைத்துண்டுகளோடு பெண்கள் கேட்டுக்கு வந்தார்கள்.

முதல் பாட்டிலை மொலெஃபி குலுக்கினான். "ஓ, இந்தம்மாவுமா?" அடுத்தவளின் பாட்டிலும் குலுங்கியது. "நீயுமா?" மூன்றாமவள் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தன் பாட்டிலைத் தானே அவன் காதருகே குலுக்கி, "நானுந்தான், மாமா" என்றாள். பின்னால் சிரிப்பு வெடித்தது. அவரவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தார்கள். கேட் முழுக்க அந்தச் சத்தம்தான். மொலெஃபி இரண்டு பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தான், இரண்டிலும் பழுப்பு மாத்திரைகள். அவன் காதுக்கு இனி அங்கே வேலையில்லை. வேன் கதவருகே நின்ற தெபெல்லோ தொடையைத் தட்டிக்கொண்டாள்.

அப்போது திபுவோவின் முறை வந்தது. மொலெஃபி குலுக்கிப் பார்க்கவில்லை. மூடியைத் திருகி நேரே மேசையில் கவிழ்த்தான்.

நீலம்.

சத்தம் முன்னாலிருந்து பின்னாலாக அடங்கிற்று. மாலெரட்டோ வேனைவிட்டு வேகமாக வந்தாள். ஆனால் கேட் கம்பிக்கு வெளியே நிற்கத்தான் முடிந்தது.

"அண்ணனுக்குப் போன் போடட்டுமா, அண்ணி?" என்றான் மொலெஃபி. இந்தத் தடவை மெல்லத்தான் கேட்டான்.

"போடு" என்றாள் திபுவோ. "என் ஒடம்பு சுத்தமா இருக்கு, அப்படியே இருக்கணும்னு மாத்திர சாப்புடறேன்னு சொல்லு. வந்ததும் அவரும் வேனுக்குப் போயி ஒரு சொட்டு ரத்தம் குடுக்கட்டும்னு சொல்லு. இல்ல, நம்பரப் போட்டு எங்கிட்டக் குடு. நானே சொல்றேன்."

மொலெஃபி போனை எடுக்கவில்லை. திபுவோ பாட்டிலை நிமிர்த்தி வைத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். அவசரப்படவே இல்லை. ஒரு மாத்திரையை மட்டும் பாட்டிலில் போடாமல் வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். தொண்டையில் சிக்கியது போல. கண் கலங்க இன்னொரு தரம் விழுங்கினாள். வெளியே டாக்சிகள் ஹாரன் அடித்தன. முதல் டாக்சி ஆளில்லாமலே கிளம்பிப் போனது. அதை விட்டால் இருட்டும்வரை நடக்க வேண்டிய பெண்கள் அந்த வரிசையில் இருந்தார்கள்.

"மெதுவா எடும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

யாரும் அவளை முந்திக்கொண்டு போகவில்லை. ஒரு மாத்திரை உருண்டு மொலெஃபியின் பூட்ஸருகே விழுந்திருந்தது. திபுவோ அதைப் பார்த்தாள், குனியவில்லை. மேசைக்கு மேலே கையை நீட்டினாள். மொலெஃபி வரிசையைப் பார்த்தான், கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்து நின்ற நர்ஸைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களும் நீலச்சாயம் ஏறிய நகங்களுமாக, அவளுடைய உள்ளங்கை அவன் முகத்துக்கு நேரே விரிந்தபடியே இருந்தது.