பாசி படிந்த கல்

என் வீட்டுக்காரர் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறார். கடல் மீன்களுக்கென்று பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதைக் கவனிப்பது என் கொழுந்தன். கடலிலிருந்து ஈரச் சாக்கில் பாறைத் துண்டுகள் வரும். அவற்றைத் தேய்த்துக் கழுவக் கூடாது, பாசியோடு அப்படியே உள்ளே இறக்க வேண்டும். பாசி நன்றாகப் படிந்த கல்லாகப் பார்த்து, சாக்கோடு தூக்கி முன்வரிசையில் இறக்கியவர் என் வீட்டுக்காரரேதான்.

அதன் பிறகு சின்ன மீன்கள் குறையத் தொடங்கின. செத்து மிதக்கவும் இல்லை. காலையில் கடை திறந்தால் காணோம், அவ்வளவுதான். இவருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. பழி நேரே தம்பி தலையில் விழுந்தது.

"கடைச் சாவி உன்கிட்டதான இருக்கு. யாருக்குடா விக்கிற?"

கொழுந்தன் என்னைப் பார்த்தான். "அண்ணி, நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்ப்பா" என்றேன். நான் நம்பி என்ன ஆகப்போகிறது?

"உள்ள ஏதோ ஒளிஞ்சிருக்கு. எடுத்துக் காட்டுறேன், இருங்க" என்று சட்டைக் கையை மடித்து, ஸ்டூல் மேல் ஏறித் தொட்டிக்குள் கையை விட்டான். ஒவ்வொரு கல்லாகப் புரட்டி அடியில் தேடினான். திருடன் கல்லுக்கு அடியில் இருப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கல்லே திருடன் என்று யாருக்குத் தோன்றும்?

முன்வரிசைக் கல்லை அழுத்திப் பிடித்தவன் அலறக்கூட இல்லை. கையை உதறிக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கித் தரையில் சரிந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, கல்லு கொட்டிடுச்சு."

"கல்லு கொட்டுமா? நாடகம் போடாத. எந்திரிச்சு மீன் எங்கன்னு சொல்லு."

நான்தான் ஓடிப்போய் வண்டி பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததைச் சொன்னதும், அது கல்மீன் என்றார் டாக்டர். கல்லாகவே கிடக்குமாம், பக்கத்தில் மீன் வந்தால் கண் இமைப்பதற்குள் விழுங்கிவிடுமாம். முதுகு முள்ளெல்லாம் விஷம்.

இப்போது இவர் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே கிடக்கிறார். உள்ளே அந்தக் கல்மீன் அசைவதில்லை, இவரும் அசைவதில்லை. எனக்கு இரக்கமும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று கேட்டார்: "தினமும் பக்கத்துலயே நின்னேன், அது மீனுன்னு தெரியலையே. உனக்காவது தெரிஞ்சுதா?"

"அது மீனுன்னு எனக்கும் தெரியலைங்க. அவன் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சுது."