எந்தக் கன்னம்

மழை விட்டதும் வந்த வெயில் கண்ணாடியில் விழுகிறது. கண்ணாடியில் வரைந்த பெண் ஒருத்தி நேராகப் பார்க்கிறாள். கன்னத்தில் ஒரு தழும்பு.

டக்கார் நகரத்தில் பெண் ஓவியர்கள் சேர்ந்து வைக்கும் கண்காட்சி. ஒருத்தி தன் தலைமயிரையே பின்னிக் கயிறாகத் தொங்கவிட்டிருக்கிறாள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. அந்தக் கண்ணாடிப் படத்தை வரைந்த உலிமாத்தா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். படத்தில் இருப்பது அம்மா.

அப்பா அறைந்தபோது அவர் மோதிரம் கிழித்த தழும்பு அது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அம்மா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பா செத்த பிறகும் அதையேதான் சொல்கிறாள். உலிமாத்தா படத்துக்குக் கீழே எழுதியிருப்பது 'மோதிரம்'.

கேட்டாளா? கேட்கவில்லை. பெண்ணின் உடல், பெண்ணின் குரல் என்று மேடையில் வாய் கிழியப் பேசுகிறவள் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல துணிச்சல், போ!

வரமாட்டாளோ. வந்துவிடுவாளோ. வந்து பார்த்து, இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டால்?

கண்ணாடியின் பின்பக்கம் வரைவது இந்த ஊர் வேலை. கடைசியில் தீட்ட வேண்டியதை முதலில் தீட்ட வேண்டும். முதலில் கண்மணி, பிறகு கண், அதற்கும் பிறகுதான் முகம். முன்பக்கம் வந்து பார்த்தால் இடமும் வலமும் மாறியிருக்கும்.

முகத்தைப் பூசிவிட்டால் எதையும் திருத்த முடியாது. உடைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் அவள் முதலில் தொட்டது தழும்பைத்தான்.

மறுபடியும் மழை. விளக்குகள் எரிகின்றன. கூட்டம் சேர்கிறது. கூட்டத்துக்கு நடுவே அம்மா. எப்போதும்போல முக்காட்டை வலது கன்னத்தின் மேல் இழுத்துவிட்டிருக்கிறாள்.

படத்துக்கு எதிரே நின்றாள். கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். நிமிர்ந்தாள். அவள் நின்ற விதத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏண்டி, இது என் கன்னமே இல்லையே."

உலிமாத்தா பார்த்தாள். ஐயோ! தழும்பு இடது கன்னத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுப் பழகிய கை, அந்த ஒன்றை மட்டும் அம்மாவுக்கு எதிரே நின்றால் தெரிகிறபடியே போட்டுவிட்டது.

"தப்பாப் போட்டுட்டேம்மா. உன்னைக் கேக்காமப் போட்டதும் தப்பு. இப்பவே கழட்டி உடைச்சுடறேன்."

"உடைப்பியா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "இத்தனை பேர் வந்து பாக்கறாங்க. தப்பாப் பாத்துட்டுப் போகட்டுமா?"

முக்காட்டை உருவி மகள் கையில் திணித்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வலது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, முன்பின் தெரியாத அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னாள்.

"இந்தக் கன்னம். அவருக்கு இடது கைப் பழக்கம்."